ஏழாவது வரியை அடித்து நீக்குங்கள்: கெட்டமின் சிகிச்சை தொடங்கியிருக்கும் மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

மயக்க மருந்தான கெட்டமினைக் குறைந்த அளவில் ஏற்றி மனச்சோர்வுக்குச் சிகிச்சை தர, நாகர்கோவிலில் நீங்கள் தொடங்கியிருக்கும் பிரிவில் நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கும் படிவம் எங்கள் கைக்கு வந்தது. எட்டுப் பக்கம். மூன்றாம் பக்கத்தில் ‘சிகிச்சைக்குத் தகுதியற்றோர்’ என்று ஒரு பட்டியல். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அண்மையில் வந்த மாரடைப்பு, மூளைக்குள் அழுத்தம், மனச்சிதைவு, கர்ப்பம், தொடரும் போதைப் பழக்கம். இந்த ஆறு வரியோடும் எங்களுக்குச் சண்டை இல்லை. ஏழாவது வரி: ‘பாலின அடையாளக் குழப்பம் உள்ளவர்கள்’.

ஐந்தாம் பக்கத்தில், சிகிச்சை அறையில் ‘ஓர் ஆண், ஒரு பெண்’ என இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள் என்கிறீர்கள். ஆறாம் பக்கத்தில், கூட வருபவர் ‘ரத்த உறவினராகவோ வாழ்க்கைத் துணையாகவோ மட்டுமே’ இருக்க வேண்டும். எட்டாம் பக்கத்தில், சிகிச்சையின் நோக்கங்களில் ஒன்று ‘இயல்பான குடும்ப வாழ்வுக்குத் திரும்புதல்’. எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் யாரை வாசலில் நிறுத்த இது எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது.

இதை எழுதும் எங்களில் மனநலச் செவிலியர்கள், உளவள ஆலோசகர்கள், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்கள், திருநங்கைகள், திருநம்பிகள் இருக்கிறோம். கெட்டமின் எங்களில் பலருக்கு அன்றாட மருந்து. அதனால் மருந்தின் கணக்கிலிருந்தே தொடங்குகிறோம்.

முதல் ஆறு வரிக்கும் காரணம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கெட்டமின் நாடித்துடிப்பையும் பி.பி.யையும் ஏற்றும், இதயமோ மூளையின் ரத்தக்குழாயோ பழுதானவர்களுக்கு அது ஆகாது. நடப்புலகத்தோடு உள்ள பிடியைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். ஏற்கெனவே அந்தப் பிடி நழுவியவர்களுக்கு ஆகாது. கருவுக்குத் தீங்கில்லை என்று உறுதி சொல்ல முடியாது. ஏழாவது வரிக்கு இப்படி ஒரு காரணம் எழுதிப் பாருங்கள், பேனா நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் பாலின முரண்பாடு (பிறப்பில் குறித்த பாலும் தான் உணரும் பாலினமும் ஒத்துப்போகாதது) மனநோய் அத்தியாயத்திலேயே இல்லை. பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்துக்கு அதை மாற்றிவிட்டார்கள். திருநங்கை ஒருவருக்குத் தான் யார் என்பதில் துளியும் குழப்பம் இல்லாமல் இருக்கலாம். குழப்பம் பெரும்பாலும் ஓ.பி. சீட்டு எழுதுகிறவருக்குத்தான்.

அளவைப் பாருங்கள். எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி., நரம்பு வழியாக, 40 நிமிடம். 62 கிலோ எடை என்றால் 31 மி.கி. ஒரு மி.லி.யில் 50 மி.கி. உள்ள குப்பியிலிருந்து 0.62 மி.லி. எடுத்து, சலைன் சேர்த்து 50 மி.லி. ஆக்கி, சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 75 மி.லி. வேகம் வைத்தால் சரியாக 40 நிமிடத்தில் முடியும். இந்தக் கணக்கில் உங்கள் ‘ஆண் / பெண்’ கட்டம் எங்கேயும் வரவில்லை. வர வேண்டிய கேள்விகள் வேறு. அவை படிவத்தில் இல்லை.

கர்ப்பப்பை இருக்கிறதா, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்ற கேள்வி முதலாவது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் திருநம்பிக்கு மாதவிலக்கு நின்றிருக்கலாம், அதனால் கரு தரிக்காது என்று ஆகிவிடாது. ‘ஆண்’ கட்டத்தில் டிக் விழுந்ததும் உங்கள் படிவம் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது. நீங்களே போட்ட ஐந்தாவது விலக்கு அங்கே ஓட்டையாகிறது. அடுத்தது ஸ்பைரனோலாக்டோன். ஆண் ஹார்மோனை அடக்கத் திருநங்கைகள் பலர் எடுக்கும் மாத்திரை. எடுப்பவருக்குப் பொட்டாசியம் பாருங்கள், எழுந்து நிற்கும்போது பி.பி. இறங்குகிறதா என்றும் பாருங்கள். அதே வேலைக்குச் சைப்ரோட்டிரோன் எடுத்தால் இன்னும் கவனம் வேண்டும்: மனச்சோர்வையே கொண்டுவரக்கூடிய மருந்து அது. அதைப் பற்றி ஹார்மோன் மருத்துவரிடம் பேசாமல் கெட்டமின் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். எச்.ஐ.வி.க்குத் தரும், ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரைகள் கல்லீரலில் கெட்டமினை உடைக்கும் நொதியை அடக்கும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைத் தூண்டிவிடும். இந்த இரண்டையும் வருகிற எல்லாரிடமும் கேளுங்கள். திருநங்கைகளிடம் மட்டும் கேட்டால் அது மருத்துவக் கேள்வியாக இருக்காது.

ஹார்மோனை நிறுத்திவிட்டு வரச் சொல்லாதீர்கள். இந்த அளவு கெட்டமினுக்காக எல்லாரையும் அப்படி நிறுத்தச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. நிறுத்தினால் அந்த வாரங்களிலேயே மனநிலை சரியக்கூடும். பிறகு எது கெட்டமினின் பலன், எது ஹார்மோன் நின்றதன் விளைவு என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் பக்கம் ஒரு நியாயமான கேள்வி இருக்கலாம். மருந்து ஏறும்போது உடம்பை விட்டு விலகியது போலத் தோன்றும், ஏற்கெனவே உடம்போடு ஒட்டாமல் வாழ்பவருக்கு அது கெடுதல் இல்லையா? குளச்சல் பக்கத்து ஆள் இதை ‘எனக்க மேலு எனக்கு இல்லாத மாதிரி’ என்பார். மேலு என்றால் உடம்பு. வடக்கே இருந்து வந்த ஆலோசகர் அதை ‘மேலே’ என்று எழுதிக்கொண்டு, மிதப்பது போல் உணர்ந்தார் என்று குறிப்பு முடித்துவிடுவார். சிலருக்கு உடம்பை மறந்த அந்த நேரம் ஓய்வு, திரும்பி வருகிற பத்து நிமிடம்தான் கனம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆயத்தம் செய்வதுதான் உங்கள் வேலை. ஆளையே வேண்டாம் என்று அனுப்புவது மருத்துவம் ஆகாது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன தவறும் என்று சொல்கிறோம். பம்ப் நின்றுவிட்டது. கண்பட்டி இன்னும் கழற்றவில்லை. பி.பி. கப் கையை இறுக்குகிறது. மதியம் இரண்டு மணி, ஷிப்ட் மாறுகிறது. புதிதாக வந்த செவிலியர் ஃபைலைப் புரட்டி, ஆதாரில் உள்ள பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார், எழுப்ப வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான். மருந்தின் பிடியில் மனம் கதவு திறந்த வீடு. உள்ளே நுழைகிற முதல் சொல் அதுவாக இருந்தால் மானிட்டரில் துடிப்பு ஏறும். அடுத்த நாள் ஆலோசனையில் அவர் பேசப்போவதும் அதைப் பற்றியே.

இதைத் தவிர்க்கச் செலவு ஒரு ஸ்டிக்கர். கெட்டமின் 2011 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும், 2013 முதல் கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எக்ஸிலும் இருக்கிறது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தச் சீட்டில் ஆதார் அட்டையில் உள்ள பெயரே இருக்கட்டும். ஃபைலின் மேலட்டையிலும் கைப்பட்டையிலும், அழைக்க வேண்டிய பெயரும் ‘அக்கா’வா ‘அண்ணன்’னா என்பதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

அறையில் பேச்சும் அதே மாதிரி. மருந்து ஏறியிருக்கும்போது மனம் சொன்னதைப் பிடித்துக்கொள்ளும். ‘இப்ப பாருங்க, உள்ளுக்குள்ள இருக்கிற உண்மையான ஆள் வெளிய வாறான்’ என்று ஒரு ஆலோசகர் சொன்னால், அது விளக்கம் என்ற பெயரில் போடும் இரண்டாவது ஊசி. அந்த நேரத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம், இது மருந்தின் வேலை, இன்னும் இத்தனை நிமிடம். அர்த்தம் தேடுவது மறுநாள், அதையும் அவரே தேடட்டும்.

எட்டாம் பக்கத்து ‘இயல்பான குடும்ப வாழ்வு’ எங்களைப் பயமுறுத்துவது இதனால்தான். நனவை மாற்றும் இந்த வகை மருந்துகளுக்கு ஒரு பழைய கறை உண்டு. 1950களிலும் 60களிலும் மேலைநாட்டு மனநல மருத்துவர்கள் சிலர் எல்.எஸ்.டி.யைத் தன்பாலீர்ப்பு உடையவர்களுக்குக் கொடுத்து அவர்களை ‘மாற்ற’ முயன்றார்கள். எல்.எஸ்.டி.யைப் பரப்பிய அமெரிக்க உளவியலாளர் டிமோதி லியரி 1966இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தன்பாலீர்ப்புக்கு எல்.எஸ்.டி. குறிப்பான மருந்து என்றே சொன்னார். விடுதலை பற்றிப் பேசிய ஆளின் வாயிலிருந்தே அது வந்தது.

அந்தக் கதை எங்கோ நடந்தது என்று விட்டுவிட முடியாது. உங்கள் வரவேற்பு மேசைக்கு அது வரும், வந்தும் இருக்கும். ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போய், மந்திரவாதியிடம் கூட்டிப்போய், மூன்றாவது வாசலாக உங்களிடம் வருவார்கள். ‘இந்த ட்ரிப்ஸ் போட்டா பயல் சரியாவானா டாக்டரே?’ என்று கேட்பார்கள். உங்கள் எட்டாம் பக்கம் அவர்களுக்கு ‘ஆவான்’ என்று பதில் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாலினம், பாலீர்ப்பு, மதம், சாதி, வர்க்கம் பார்த்து மனநல சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஏழாவது வரியும் எட்டாம் பக்கமும் இந்த மூன்றின் மீதும் நேராக மோதுகின்றன. உங்கள் சட்ட ஆலோசகர் இதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டாரா?

ஐந்தாம் பக்கத்து ஆண்-பெண் ஜோடி எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். நனவை மாற்றும் வேறு மருந்துகளான எம்.டி.எம்.ஏ., சைலோசைபின் பற்றிய ஆய்வுகளில் அது பழைய வழக்கம். அப்பாவும் அம்மாவும் போல இருவர் பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. நம் நாட்டில் அந்த மருந்துகளுக்கு அனுமதி இல்லை. ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் மனநல மருத்துவர்களுக்கு அனுமதித்தது. ஆனால் ஜோடி வழக்கத்தை மட்டும் நீங்கள் இறக்குமதி செய்துவிட்டீர்கள். கனடாவில் எம்.டி.எம்.ஏ. ஆய்வு ஒன்றில் அறைக்குள் இருந்த ஜோடி கணவனும் மனைவியும்தான். பங்கேற்ற பெண்ணிடம் அந்தக் கணவர் பாலியல் அத்துமீறல் செய்தார். 2019இல் ஆய்வை நடத்திய நிறுவனமே அதை வெளியே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2024 ஆகஸ்ட்டில் இது தொடர்பான மூன்று கட்டுரைகளை ஓர் ஆய்விதழ் திரும்பப் பெற்றது. ஜோடியால் அங்கே பாதுகாப்பு வரவில்லை. அப்பாவின் பெல்ட் அடியோடு வீட்டை விட்டு வந்த ஒருவருக்கு ‘அப்பா மாதிரி’ ஓர் ஆள் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்றும் யோசியுங்கள். யார் இருக்க வேண்டும் என்று நோயாளி சொல்லட்டும்.

தொடுதலுக்கு விதி வேண்டும். எங்கே தொடலாம் என்பதை மருந்துக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: உள்ளங்கை, தோள், அவ்வளவே. மருந்து ஏறிய பின் அவர் ‘வேண்டாம்’ என்றால் உடனே நிறுத்த வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்றால் அதைச் சம்மதமாக எடுக்கக் கூடாது. அறையில் கேமரா வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. செவிலியர்கள் வேண்டும் என்கிறார்கள். தங்கள் உடல் ஏதோ ஒரு ஹார்டு டிஸ்கில் கிடப்பதைத் திருநர்கள் பலர் விரும்பவில்லை. இதையும் நோயாளியிடமே விடுங்கள்.

ஈ.சி.ஜி. ஒட்டுவதில் பெரிய பேச்சு தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். மார்பை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை போராடிய மண் இது. தோள்சீலைக் கலகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கண்காணிப்புக்கு மூன்று லீடு போதும். இரண்டைத் தோள்பட்டைக்கு அருகிலும் ஒன்றை விலாவின் கீழ்ப்பக்கமும் ஒட்டலாம், சட்டையை முழுக்கத் திறக்க வேண்டாம். திருநம்பிகள் மார்பில் இறுக்கிக் கட்டும் பைண்டரை மட்டும் தளர்த்தச் சொல்லுங்கள்: மூச்சு ஆழமாக வராது, குமட்டல் வந்தால் சிரமம். அதை வார்டில் எல்லார் முன்னும் சொல்லாமல் முதல் சந்திப்பிலேயே சொன்னால் தளர்வான பனியனோடு வருவார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டருக்கு நகப்பூச்சும் மருதாணியும் இடைஞ்சல், அதையும் அன்றே சொல்லலாம். அந்த மீட்டர் கறுத்த தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டுகிறது என்று அமெரிக்காவில் 2020இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் குறைபாடு தெரியாமல் போவது ஏறக்குறைய மூன்று மடங்கு. கடலிலும் ரப்பர் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் உங்களிடம் வருவார்கள். 94 என்று காட்டினால் 94 என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், மூச்சை எண்ணுங்கள்.

‘வித்தியாசம்’ என்பது பாலினத்தோடு முடிவதும் இல்லை. நனவை மாற்றும் மருந்தோடு மனநல ஆலோசனையும் தரும் சிகிச்சை பற்றி 1993 முதல் 2017 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரையில், பங்கேற்றவர்களில் 82.3 விழுக்காடு வெள்ளையர். ஒக்கி புயலில் ஆளை இழந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பெண்கள் அந்தத் தரவில் இல்லை. ஆகவே உங்களிடம் வருகிற எவருக்குமே அந்தத் தரவு அளவெடுத்துத் தைத்த சட்டை கிடையாது; திருநரை மட்டும் ‘தரவு இல்லை’ என்று ஒதுக்க முடியாது. நம் மாவட்டத்தில் ‘எந்த ஊரு? எந்தச் சபை?’ என்ற இரண்டு கேள்வியில் சாதி வெளியே வந்துவிடும். முதல் சந்திப்பில் அதைக் கேட்காதீர்கள். அறையில் சாமி படமோ சிலுவையோ வேண்டாம், வார்த்தை இல்லாத இசையே நல்லது. சபையிலிருந்து விலக்கப்பட்டவருக்கு ஞானப்பாட்டு ஆறுதலாக இருக்காது. அவரே வில்லுப்பாட்டு கேட்டால் போடுங்கள், சிரிக்க வேண்டாம்.

வருகிற வழியையும் நடந்து பாருங்கள். ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறீர்கள். தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பதைச் சொல்வதில்லை. எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று தெரியாததால் திருநர்கள் பலர் ஆஸ்பத்திரி நாளில் விடிந்ததிலிருந்தே தண்ணீர் தொடமாட்டார்கள். நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்துவீர்கள். தொடங்கும் முன் பி.பி. 140/90க்கு மேல் இருந்தால் தள்ளிவைப்பது வழக்கம், சரி. ஆனால் பி.பி. ஏற மருந்து வேண்டியதில்லை. ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்று செக்யூரிட்டி கேட்டாலே போதும். இருபது நிமிடம் தனியாக உட்காரவைத்து மறுபடி எடுங்கள்.

முடிந்தபின் இரண்டு மணி நேரமாவது கவனிப்பு, அன்று வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போட்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. இவ்வளவும் படிவத்தில் இருக்கிறது. யார் கூட்டிப்போவது என்பதில்தான் சிக்கல். பைஸ்டாண்டர் ரத்த உறவாக மட்டும் இருக்க வேண்டும் என்றால், வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவருக்கு ஆள் கிடையாது. அவரை மகளாகத் தத்தெடுத்து வளர்த்த திருநங்கை அம்மா வாசலில் நிற்பார், நீங்கள் உள்ளே விடமாட்டீர்கள். 2017 சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது: வயது வந்த எவரும் தன் பிரதிநிதியை வெற்றுத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

மாலைச் சந்திப்பும் கொடுக்காதீர்கள். கெட்டமின் இறங்கும் நேரத்தில் நடை தள்ளாடும், நாக்கு குழறும். இருட்டிய பிறகு வடசேரி பஸ் ஸ்டாண்டில் தள்ளாடும் திருநங்கையைப் பார்க்கிற போலீஸ்காரர் என்ன நினைப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் முடியும். கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள், நோயின் பெயர் இல்லாமல்: ‘இன்று மருத்துவமனையில் மயக்கத் தன்மையுள்ள மருந்து பெற்றவர், உதவிக்கு இந்த எண்’. நினைவூட்டும் எஸ்.எம்.எஸ். அப்பாவின் போனுக்குப் போகாமல் அவர் சொல்லும் எண்ணுக்குப் போகட்டும்.

நாங்கள் கேட்பது:

மூன்றாம் பக்கத்தின் ஏழாவது வரியையும் எட்டாம் பக்கத்தின் ‘இயல்பான குடும்ப வாழ்வு’ வாசகத்தையும் நீக்குங்கள். அந்த இடத்தில், பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மாற்றுவதற்காக இச்சிகிச்சை யாருக்கும் தரப்படாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வரவேற்பு மேசையிலும் ஒட்டுங்கள். இந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால் அவர்களை நீங்களே கூப்பிட்டு மறுபடி பரிசோதியுங்கள்.

‘ஆண் / பெண்’ கட்டத்துக்குப் பதிலாக அழைக்கும் பெயர், அழைக்கும் முறை, உடலில் உள்ள உறுப்புகள், எடுக்கும் ஹார்மோன் என்று நான்கு கேள்வி போடுங்கள். ரத்த உறவு நிபந்தனையை எடுத்துவிட்டு 14ஆம் பிரிவுப்படி நியமனத் தாளை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தொடுதல் விதியையும் சம்மதப் படிவத்தோடு சேருங்கள். திருநர்களுக்குக் காலைச் சந்திப்பு, யாரும் கேள்வி கேட்காத ஒரு கழிப்பறை, இரண்டும் இந்த மாதமே செய்யக்கூடியவை.

செவிலியர், அட்டெண்டர், செக்யூரிட்டி எல்லாருக்கும் ஒரு மதியம் பயிற்சி தர நாங்கள் வருகிறோம், கட்டணம் வேண்டாம். செக்யூரிட்டி கட்டாயம் இருக்க வேண்டும்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் இந்தப் படிவத்தின் நகலோடு மாநில மனநல ஆணையத்துக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கும் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
நாகர்கோவில், குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளைச் சேர்ந்த செவிலியர்கள், உளவள ஆலோசகர்கள், டெக்னீஷியன்கள், திருநர்கள்